வீட்டுத் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிட்டோம், கண்மாய்க் கன்றுகள் பிழைத்தன: இந்த வருஷம் யார் யார் சேர்றீங்க?

கிளுவைவேலி

வணக்கம். அப்பன்திருப்பதி தாண்டி உள்ளே தள்ளி எங்களுக்கு எழுபது சென்ட் இடம். மாமனார் காலத்துக் கிணறு ஒன்று, அவர் வைத்த ஆறு தென்னை. மற்றதெல்லாம் நானும் வீட்டுக்காரரும் இருபது வருஷமாக ஒவ்வொன்றாக வைத்தது: புங்கை, உசிலை, மஞ்சணத்தி, மாவிலங்கம், வெப்பாலை, ஒரு நாவல். சுற்றிலும் கிளுவை வேலி. காம்பவுண்டுச் சுவர் கட்டிவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது, ஆனால் கிளுவையை வெட்ட மனசு வரவில்லை, அதில் தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் குடும்பம் நடத்துகின்றன.

போன தை மாதம், ஜல்லிக்கட்டுக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை கேட்டைத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டோம். பெரியவர்களுக்கு முப்பது ரூபாய், பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காசு எங்கள் ஊர்க் கண்மாய்க்கு என்று கேட்டிலேயே எழுதி ஒட்டினோம். முதல் ஞாயிறு நாற்பது பேர் போல வந்தார்கள், அடுத்த ஞாயிறு அதைப்போல இரண்டு மடங்கு. வீட்டில் நானே போட்டு வைத்திருந்த கன்றுகளையும் விற்றோம். மொத்தம் 5,390 ரூபாய் சேர்ந்தது.

வாய்க்கால் ஓரம் ஏற்கெனவே நட்டு வைத்திருந்த நீர்மருது, நாவல், புங்கை எல்லாம் சேர்த்து இருபத்து நாலு கன்று. சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் வாரத்துக்கு இரண்டு நடை, டிவிஎஸ்ஸில் கேன் கட்டிக்கொண்டு போய் ஒரு தம்பி தண்ணீர் ஊற்றினார். நடைக்கு முந்நூறு, பதினாறு நடைக்கு 4,800. மீதிக் காசில் முள் வெட்டி ஆடு வாய் வைக்காமல் அடைத்தோம். இருபத்து நாலில் இருபத்திரண்டு இன்றைக்கு உயிரோடு நிற்கிறது. அதைப் பார்த்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முதல் ஞாயிறு ஒரு பத்து வயசுப் பிள்ளை கிணற்று மேட்டில் குந்தியபடி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. அங்கே தரையோடு படர்ந்திருப்பது ஆடுதீண்டாப்பாளை. அம்மா வந்து, "இந்தக் களையை ஏன் பிடுங்காம வச்சிருக்கீங்க?" என்று என்னிடம் கேட்டார். பிள்ளை இலையைத் திருப்பிக் காட்டியது. கருஞ்சிவப்பில், முதுகெல்லாம் சிவப்பு முள் மாதிரி சதைக் கொம்பு முளைத்த புழுக்கள். பதினொன்று என்று எண்ணி வைத்திருந்தது. சிவப்புடல் அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு, அதற்கு இந்தச் செடியும் இதன் சொந்தக்காரச் செடிகளும் விட்டால் வேறு சாப்பாடு கிடையாது, களை என்று பிடுங்கினால் அந்தப் பூச்சியும் போய்விடும் என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. புழு ஒன்றையும் காணோம் என்று முகம் வாடியது, அப்புறம் பக்கத்தில் கிளுவைக் குச்சியில் அதுவேதான் கண்டுபிடித்தது, காய்ந்து சுருண்ட இலை மாதிரி ஒன்று, இடுப்பில் ஒரே ஒரு நூலால் கட்டித் தொங்குகிறது. அப்பத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இந்த வருஷம் நான் ஒருத்தி மட்டும் திறந்தால் போதாது என்று தோன்றுகிறது. அழகர்கோவில் ரோடு, நத்தம் ரோடு, மேலூர் பக்கம் தோட்டம், தோப்பு வைத்திருப்பவர்கள் நாலைந்து பேராவது சேர்ந்தால் நன்றாக இருக்கும். என்ன சொல்றீங்க?

மல்லித்தோட்டம்

அக்கா, நல்ல காரியம்தான், ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காசு வாங்குவது எனக்கு ஒட்டவில்லை. வந்தவனுக்குத் தண்ணீர் கொடு, மோர் கொடு என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். கேட்டில் உட்கார்ந்து முப்பது ரூபாய் எடு என்று கேட்க என் வீட்டில் யாருக்கும் நாக்கு வராது.

இரண்டாவது, நான் ஒன்றரை ஏக்கர் மல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற தையில் பூ வரத்தே இருக்காது, கிலோ ஆயிரக்கணக்கில் போகும். வந்தவர் ஆளுக்கு ஒரு கை பறித்து முடிந்துகொண்டால் எனக்குத் தாங்காது. மூன்றாவது இன்னும் முக்கியம், மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்காமல் மல்லி எடுக்க முடிவதில்லை. மருந்தடித்த தோட்டத்துக்குள் பிள்ளைகளை வா என்று நான் எப்படிக் கூப்பிடுவது? பட்டாம்பூச்சி பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

கிணறு, நாய், பாம்பு, இதையும் யோசித்தீர்களா?

கிளுவைவேலி

தம்பி, நீங்கள் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. கிணற்றுக்கு மேலே நைலான் வலை இழுத்துக் கட்டி, அந்தப் பக்கம் வீட்டுக்காரரே நின்றார். நாயை அன்றைக்குத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டோம். பாம்பு இருக்கிறது, சாரைப்பாம்பு ஒன்று நாலு வருஷமாக இங்கேதான், அதனால் நடக்கிற பாதையை மட்டும் முதல் நாள் சாயங்காலம் சுத்தமாகக் கூட்டி, இரண்டு பக்கமும் கயிறு கட்டினோம். பாதையை விட்டு இறங்கக் கூடாது, செருப்பில்லாமல் வரக் கூடாது. பதினைந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே விடவில்லை. பூ, காய் பறிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் பறிப்பதில்லை, ஒரே ஒருவர் கறிவேப்பிலை ஒடித்தார், அதையும் கேட்டுவிட்டுத்தான் ஒடித்தார்.

காசு விஷயத்தில் எனக்கும் முதல் நாள் கூச்சமாகத்தான் இருந்தது. அதற்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி

நான் அனுப்பானடியில் பிறந்து வளர்ந்தவன், பதினாலு வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே இது ரொம்பப் பழைய பழக்கம், அதனால் எழுதுகிறேன். 1927-இல் ஆரம்பித்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்சுகளுக்குப் பணம் திரட்ட, தோட்டம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். முதல் வருஷமே 609 தோட்டங்கள், எட்டாயிரம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இன்றைக்கு ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு தோட்டம் திறக்கிறார்கள். திறக்கிற நாளில் தெரு முனையில் மஞ்சள் போஸ்டர் இருக்கும். இப்போதும் பெரும்பங்குப் பணம் நர்சிங், கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்புகளுக்குத்தான் போகிறது. நீங்கள் கண்மாய்க்கு என்று வைத்தது உங்கள் சொந்த யோசனை, அதுவும் நல்லதுதான்.

இங்கே பார்த்ததில் உங்களுக்கு உதவும் என்று நினைப்பது இரண்டு. பெரிய பங்களாத் தோட்டம் மட்டும் இல்லை, ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்து, ஒவ்வொன்றும் நம்ம திண்ணை அளவு இடம்தான், ஒரே டிக்கெட்டில் எல்லா வீட்டுக்கும் போய் வரலாம். போன வருஷம் நானும் மகளும் அப்படி ஒரு கிராமத்தில் சுற்றினோம், ஆளுக்கு ஐந்து பவுண்டு. இன்னொன்று, கன்று விற்பதும் டீ, கேக் விற்பதும் உண்டு, கூட்டம் நின்று பேசுவது அந்த டீ மேசையில்தான். தோட்டக்காரர் எந்தச் செடி எப்படிப் பிழைத்தது, எது செத்தது என்று அங்கே நின்று சொல்வார். அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

ஆனால் இங்கே திறப்பது பெரும்பாலும் வசந்தமும் கோடையும். நீங்கள் சித்திரையில் திறந்தால் வந்தவர்கள் மயங்கி விழுவார்கள்!

உசிலமரம்

மல்லித்தோட்டம் அண்ணன் சொன்ன கூச்சத்துக்கு நம்ம ஊரிலேயே மருந்து இருக்கிறதே. செய்முறை, அதாவது மொய். டிக்கெட் கிழிக்காமல் ஒரு நீள நோட்டு, ஒரு பேனா, ஒரு சில்வர் தட்டு வையுங்கள். வருகிறவர் இஷ்டப்பட்டதைத் தட்டில் வைத்து, பேரும் ஊரும் தொகையும் எழுதட்டும். பத்து ரூபாய் எழுதினாலும் சரி, ஐந்நூறு எழுதினாலும் சரி. மொய் எழுதுவதற்கு நம்ம ஜில்லாவில் யாரும் வெட்கப்பட்டதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் நோட்டில் எழுதியதை முப்பது வருஷம் கழித்தும் எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் திருப்பிச் செய்வதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். நான் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் நீங்கள் என் தோட்டத்துக்கு வர வேண்டும். ஒரு கன்று உங்களிடமிருந்து வாங்கினால் அடுத்த வருஷம் அதன் விதையோ பதியனோ உங்களுக்கு வர வேண்டும். கணக்கும் நோட்டிலேயே நிற்கும், கடைசியில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்துவிடலாம்.

அழகர் வருகிற வழியெல்லாம் மண்டகப்படி வைத்துப் பானகமும் நீர்மோரும் கொடுத்த ரோடு அது. தங்கள் இடத்தை ஒரு நாள் ஊருக்குத் திறந்துவிடுவது அந்த ஜனங்களுக்குப் புதுசு இல்லை.

கிளுவைவேலி

இது எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது ரூபாய் போர்டை எடுத்துவிட்டு நோட்டு வைத்துவிடுகிறேன். மோர் நாங்கள் கொடுப்போம், அதற்குக் காசு கிடையாது.

செம்போத்து

அக்கா, உங்கள் தோட்டத்துக்கு நான் இரண்டாவது ஞாயிறு வந்தேன், கையில் பைனாகுலரோடு நின்ற ஒல்லிப் பையன். ஒன்று சொல்லாமல் போய்விட்டேன். தென்னைக்குப் பின்னால் சருகு கூட்டாமல் விட்டிருந்தீர்களே, அங்கே ஆறுமணிக்குருவி இருந்தது. பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, வயிற்றுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, வாலே இல்லாத மாதிரி கட்டைக் குருவி. வடக்கே மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் நம்ம பக்கம் இறங்கி பங்குனி வரை தங்கும். விடிகிற நேரமும் இருட்டுகிற நேரமும் கூப்பிடும், அதனால்தான் அந்தப் பேர். ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டிப் புரட்டி மண்புழுவும் பூச்சியும் எடுக்கும். கால் மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தேன். நிழலும் ஈரச் சருகும் இல்லாத இடத்தில் அது தங்காது. சிமென்ட் போட்டு சுத்தமாக வைத்திருக்கிற நூறு வீட்டைத் தாண்டி வந்து உங்கள் தென்னையடியில் இறங்கியிருக்கிறது.

இந்தத் தோட்டங்களை நான் பார்க்கிற விதம் இதுதான். அழகர்மலை ஒரு பக்கம், அரிட்டாபட்டிக் குன்றுகள் ஒரு பக்கம், நடுவில் கண்மாய்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு குன்று, பாறையில் கூடு வைக்கிற வல்லூறு, அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம் உள்ள இடம். அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடந்த பிறகு 2025 ஜனவரியில் ரத்தானது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் குன்றை மட்டும் காப்பாற்றி நடுவில் இருக்கிற தோப்பையும் வேலியையும் பிளாட் போட்டுவிட்டால், குருவி ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு எங்கே இறங்கி இளைப்பாறும்? நத்தம் பக்கம் காசம்பட்டிக் கோவில்காட்டை 2025-இல் இரண்டாவது தலமாக அறிவித்தார்களே, அது ஐந்து ஹெக்டேர்கூடக் கிடையாது. சின்ன இடமும் கணக்கில் வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். போனில் குருவிச் சத்தத்தைப் போட்டு வரவழைக்க யாரையும் விடாதீர்கள். தன் இடத்துக்குள் வேறொரு குருவி வந்துவிட்டது என்று நினைத்து இரையை விட்டுவிட்டு அலையும். கூடு இருக்கிற கிளைக்குக் கீழே கூட்டம் நிற்கவும் கூடாது.

பூந்தொட்டி

எனக்கு நாகமலை புதுக்கோட்டையில் பெரிய தோட்டம். அடீனியம் மட்டும் நூற்றுக்கு மேல், ஆர்க்கிட், போகன்வில்லா, நல்ல புல்தரை. வருஷக்கணக்காக உழைத்து வைத்தது. இந்த இழையைப் படித்தால் நாட்டு மரம் வைத்தவர்கள்தான் திறக்கலாம் என்பது போல இருக்கிறது. நான் சேரலாமா கூடாதா?

உசிலமரம்

கூட்டம் வருவதற்கு உங்கள் அடீனியம்தான் உதவும் அண்ணே. அழகுக்கு வந்தவர் நோட்டில் மொய் எழுதிவிட்டுப் போகட்டும்.

செம்போத்து

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பூந்தொட்டி அண்ணன் கோபிக்கக் கூடாது. இயற்கைக்காகத் திறக்கிறோம் என்று சொல்லிவிட்டு மருந்தும் உரமும் தினம் தண்ணீரும் குடிக்கிற புல்தரையைக் காட்டினால், வந்தவர் வீட்டுக்குப் போய் அதையே போடுவார். மதுரைக்கு வருஷத்துக்கு மழை எண்ணூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பங்கு ஆவணியிலிருந்து கார்த்திகைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாசமெல்லாம் புல்லுக்கு நிலத்தடித் தண்ணீர்.

பூந்தொட்டி

கோபமில்லை தம்பி. புல்தரையைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கே உறுத்துகிற விஷயம்தான், போன கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். பாதியை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம் சொல்லுங்கள். ஆனால் அடீனியத்தை விட மாட்டேன்.

செம்போத்து

அடீனியம் தண்ணீர் கேட்காத செடி, அது இருக்கட்டும். புல் எடுத்த இடத்தில் கிலுகிலுப்பை விதையுங்கள், ஐப்பசி மழையில் வந்துவிடும். நீல வரியன் வகைப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக இடம் பெயரும்போது அந்தச் செடியில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். ஒரு செடியில் முப்பது, நாற்பது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பூ எது பூச்சி எது என்று தெரியாது. ஓரத்தில் ஆவாரையும் எருக்கும் விடுங்கள். எருக்கு இலையில்தான் வெந்தய வரியன் முட்டை வைக்கும்.

மொட்டைமாடி

ஆனையூரில் வாடகை வீடு, மாடியில் முந்நூறு சதுர அடிதான். லெஸ்டர்வாசி சொன்ன மாதிரி எங்கள் தெருவில் நாலு மாடி சேர்ந்து திறக்கலாமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன், சரி என்றுவிட்டார். என்னிடம் இரண்டு எலுமிச்சைத் தொட்டி, ஒரு கறிவேப்பிலை. இலையெல்லாம் பறவை எச்சம் மாதிரி ஒன்று தின்கிறது என்று நினைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன், அது அழகிப் பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு என்று போன மாசம்தான் தெரிந்தது. இப்போது ஒரு தொட்டியை அதற்கென்றே விட்டுவிட்டேன். இதைக் காட்ட வெட்கப்பட வேண்டாமே?

கிளுவைவேலி

வெட்கமா? முதல் ஆளாக நான் வருகிறேன் தங்கச்சி. நோட்டும் கொண்டு வருகிறேன்.

பழைய வாத்தியார்

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தினேன். பணம் எங்கே போகிறது என்பதைப் பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன்.

பல வருஷம் முன்னால் ஒரு அமைப்புக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து ஒரே நாளில் ஐந்நூறு கன்று நட்டார்கள். பந்தல், மைக், படம் எல்லாம் உண்டு. நானும் ஒரு மாசப் பென்ஷனில் பாதி கொடுத்தேன். சித்திரைக்குள் குழியும் குச்சியும்தான் மிச்சம். நட்டவர்கள் திரும்பி வரவில்லை. அதனால் இந்த அம்மா 4,800 ரூபாயும் தண்ணீருக்கே கொடுத்தேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. கன்று யாரும் இலவசமாகத் தருவார்கள், நாற்றங்கால்களில் கேட்டால் கிடைக்கும். மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் கூலி கொடுக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று கோடைக்குக் காசு இருந்தால் மட்டும் குழி தோண்டுங்கள். காசு போதவில்லையா, பனங்கொட்டை போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும், மழைக்கு முன்னால் கரையில் புதைத்துவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மெதுவாகத்தான் வரும், ஆனால் கரையை அது பிடிக்கிற பிடி வேறு.

அனுமதி என்று ஒன்று உண்டு. கண்மாய் நம் பாட்டன் சொத்து மாதிரிப் பேசுகிறோம். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே என்றால் பஞ்சாயத்து யூனியனிடம் இருக்கும். எது என்று கேட்டுக்கொண்டு எழுத்தில் வாங்குங்கள். ஜனவரி 26 கிராமசபையில் ஒரு தீர்மானமாகக் கொண்டு வந்தால் ஊரே பொறுப்பு ஏற்கும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரில் உள்ள செடி கொடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் எழுதுகிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்தில் அந்தப் பதிவேடு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தோட்டம் திறக்கிற நாளில் மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வையுங்கள். வந்த பிள்ளைகள் பார்த்ததையெல்லாம் தேதியோடு எழுதட்டும். செம்போத்துத் தம்பி சரிபார்த்தால் அது அப்படியே பதிவேட்டுக்குப் போகலாம். அந்தப் பிள்ளை எண்ணிய பதினொரு புழுவும் அதில் வர வேண்டும்.

மல்லித்தோட்டம்

ஐயா சொன்னது சரி. இன்னொன்று கேட்கிறேன், அந்தப் பணத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டலாமே? எங்கள் பக்கம் கண்மாய் முழுக்க அதுதான். 2017-இல் கோர்ட்டே அகற்றச் சொன்னதும் வெட்டினார்கள், இரண்டு மழைக்குள் முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டது.

பழைய வாத்தியார்

வெட்டினால் அப்படித்தான் தம்பி வரும், அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு ஜேசிபி வாடகை நம் நோட்டுக் காசில் கட்டுப்படியாகாது. அதோடு அதை ஏலம் எடுத்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அதில் கூடு கட்டியிருக்கிற குருவிகளும் இருக்கின்றன. ஒரு மூலையில் ஆரம்பித்து, எடுத்த இடத்தில் உடனே வேறு மரம் வளர்த்து, அது தலை தூக்கிய பிறகு அடுத்த மூலை. ஒரே வருஷத்தில் மொட்டையடித்தால் வெயிலில் கிடக்கும் மண்ணில் மறுபடி அதுதான் முளைக்கும். ஆடு, மாடு நெற்றைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் சாணியில் விதைத்துக்கொண்டே போகின்றன.

கிளுவைவேலி

ஐயா, இரண்டாவது நோட்டு இன்றைக்கே வாங்கிவிட்டேன், நூற்று அறுபது பக்கம்.

இதுவரைக்கும் சேர்ந்தது: நாங்கள், உசிலமரம் அண்ணனின் தோப்பு, பூந்தொட்டி அண்ணன், ஆனையூரில் நாலு மாடி. பொங்கலுக்கு முந்தின வாரமும் பொங்கல் வாரமும் வேண்டாம், பாலமேடு, அலங்காநல்லூர் கூட்டத்தில் ரோட்டில் நகர முடியாது, வீட்டிலும் வெள்ளையடிப்பு, உறவுக்காரர்கள் என்று இருக்கும். தை இரண்டாவது ஞாயிற்றில் ஆரம்பித்து வாரம் ஒரு தோட்டம், மாசி நடுவில் முடித்துவிடலாம். அதற்கு மேல் வெயில் ஏறிவிடும், செடியும் வாடிப் போயிருக்கும். பிளாஸ்டிக் டம்ளர் எங்கும் வேண்டாம். கணக்கைக் கடைசித் தோட்டத்தில் வைத்து வாசிப்போம், வாத்தியார் ஐயா வாசிக்க வேண்டும்.

லெஸ்டர்வாசி

மாசியில் ஊருக்கு வருகிறேன், மகளும் வருகிறாள். நோட்டில் பேரை அவளே தமிழில் எழுத வேண்டும் என்று இப்போதே பழக்குகிறேன்.

மல்லித்தோட்டம்

அக்கா, நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் கண்மாயும் எங்கள் கண்மாயும் ஒன்றுதான். என் தோட்டம் மடைக்குக் கீழே மேற்குப் பக்கம், நேற்று போய் அந்தக் கன்றுகளைப் பார்த்தேன். நாவல் ரெண்டு என் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

மருந்தடிக்கிற வரைக்கும் என் தோட்டத்தைத் திறக்கப் போவதில்லை, அதில் மாற்றமில்லை. கிணற்றோரம் பத்து சென்ட் சும்மா கிடக்கிறது, தும்பையும் நாயுருவியும் மண்டிக் கிடப்பதை உழுதுவிடலாம் என்றிருந்தேன். இனிமேல் அப்படியே விட்டுவிடுகிறேன், அந்த ஓரத்து இரண்டு வரிசைக்கு மருந்து நிறுத்திப் பார்க்கிறேன். மோட்டார் ஓடுகிற நேரத்தில் என் கிணற்றிலிருந்தே கன்றுகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கேனும் டிவிஎஸ்ஸும் வேண்டாம், அந்தக் காசை அடுத்த கன்றுகளுக்கு வையுங்கள். என்னிடம் ஓஸ் நூறடிதான் இருக்கிறது, வாய்க்கால் வரைக்கும் எட்டாது.

கிளுவைவேலி

எங்களிடம் இருநூறு அடி இருக்கிறது தம்பி. செத்துப்போன இரண்டு குழியிலும் மறுபடி நடப் பூவரசங் கம்பு வெட்டி வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே இருப்பீர்களா?

மல்லித்தோட்டம்

பூ எடுத்து அனுப்பிவிட்டு ஏழு மணிக்கு மடையில் நிற்கிறேன்.